ஓடுபாதையும் ஏரிக்கரையும்: மீனம்பாக்கத்திலிருந்து பரந்தூர் வரை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)

திண்டுக்கல்லிலிருந்து பேசுறேன்.

நம்ம ஊருக்கும் விமானத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. மதுரை விமான நிலையம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர், திருச்சி 100, கோயம்புத்தூர் 150க்கும் மேல. எங்க போகணும்னாலும் பஸ்ஸோ காரோ பிடிச்சுத்தான் விமானத்துக்கே போகணும். இணையத்துல ஆங்கிலத்துல 'திண்டுக்கல் விமானப்படை'ன்னு தேடினா, ஹைதராபாத் பக்கத்துல இருக்கிற துண்டிகல் விமானப்படை அகாடமியைத்தான் காட்டும். ரெண்டு எழுத்துதான் வித்தியாசம்.

அப்புறம் எதுக்கு சென்னையோட இரண்டாவது விமான நிலையத்தைப் பத்தி ஒரு எபிசோட்? பரந்தூர்னு செய்தியில பேர் வரும்போதெல்லாம் 'விமான நிலையம் வேணும்', 'விவசாயம் வேணும்'னு ரெண்டு கட்சி பிரிஞ்சு சத்தம் போடுறதைத்தான் பார்க்கிறோம். ஆனா அந்த இடம் எப்படி வந்து சிக்குச்சு? அதுக்கு முன்னாடி என்ன நடந்தது? இந்த வரலாற்றை வரிசையா யாரும் சொல்றதில்லை. அதைச் சொல்லிப் பார்ப்போம். கடைசியில நம்ம மதுரைக்கும் வருவோம். ஏன்னா அதே கேள்வி அங்கேயும் நிக்குது.

ஊருக்கு வெளியே ஒரு மைதானம்

சென்னையில மக்கள் முதன்முதலா விமானத்தைப் பார்த்தது 1910-ல். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தி வந்த தாஞ்செலிஸ் என்கிற கார்சிகாக்காரர் தீவுத்திடலில் பறந்து காட்டினார். அப்போ அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். 1930 வாக்கில் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் தொடங்கியது. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார் இல்லையா, அந்தத் தபாலை அங்கிருந்து பல்லாரி வழியா சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். அதாவது டாட்டாவோட முதல் விமானத் தபால் பாதை முடியுற ஊர் சென்னை.

விமானம் இறங்க மீனம்பாக்கம் பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் எளிமையானது. அன்னிக்கு அது ஊருக்கு வெளியே. பரங்கிமலை ராணுவக் குடியிருப்பு பக்கத்துல, ரயில் பாதை பக்கத்துல, தட்டையான நிலம். 1954-ல் அங்கே முதல் பயணிகள் முனையம் கட்டினாங்க. பிறகு திரிசூலத்துக்கு எதிர்ல 1985-ல் உள்நாட்டுக்குக் காமராஜர் முனையம், 1989-ல் வெளிநாட்டுக்கு அண்ணா முனையம். முனையம் திரிசூலத்துக்கு நகர்ந்த பிறகும் மக்கள் வாயில மீனம்பாக்கம்ங்கிற பேர்தான் நின்னுது.

போர் விட்டுட்டுப் போன ஓடுபாதைகள்

இங்க இரண்டாம் உலகப்போரைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பு மேல குண்டு போட்டன. மறுநாளே விசாகப்பட்டினம், காக்கிநாடா. தென்னிந்தியா போர்முனைக்குப் பக்கத்துல வந்துட்டதா பிரிட்டிஷ் அரசுக்குப் பயம். அந்தக் காலகட்டத்துல தமிழ்நாடு முழுக்க ஓடுபாதைகள் முளைச்சது: சூலூர், சோழவரம், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை, தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு, மதுரை.

போர் முடிஞ்சதும் ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு விதி. சூலூர் விமானப்படைத் தளமாச்சு. சோழவரத்துல கார் ரேஸ் நடந்தது. கயத்தாறும் செட்டிநாடும் கைவிடப்பட்டுக் கிடந்தன. அரக்கோணம் 1992-ல் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளமாச்சு, இந்தப் பேரைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. மதுரை ஓடுபாதை பயணிகள் விமான நிலையமாச்சு.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. பல பத்தாண்டுகளா தமிழ்நாடு பெரும்பாலும் போர் காலத்துல போட்ட ஓடுபாதைகளை வச்சுத்தான் ஓட்டிக்கிட்டு வந்தது. 'புதுசா ஒரு விமான நிலையம், புதுசா ஒரு இடம்'னு பெரிய அளவுல முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் வரவே இல்லை. அந்தக் கட்டாயம் வந்தப்போ நிலத்தோட நிலைமை மாறிப்போச்சு.

நகரம் வந்து சூழ்ந்துகொண்டது

இன்னிக்கு சென்னை விமான நிலையத்தை வரைபடத்துல பாருங்க. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடும் ரயில் பாதையும். இன்னொரு பக்கம் அடையாறு. சுத்தி பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகள். மிச்ச இடத்துல மணப்பாக்கம், பொழிச்சலூர், அனகாபுத்தூர் வீடுகள். நகரவே முடியாது.

அங்க ரெண்டு ஓடுபாதை இருக்கு. ஆனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்குது, பெருக்கல் குறி மாதிரி. பெரியது 3,658 மீட்டர். சின்னதுல விமானம் வரும்போது பெரியதுல இருக்கிறது காத்திருக்கணும். நாலு முனை சந்திப்புல சிக்னல் போட்ட மாதிரிதான். அதனால ரெண்டு ஓடுபாதை இருந்தும் ரெண்டு ஓடுபாதைக்கான வேலை நடக்காது. சின்ன ஓடுபாதையை நீட்டணும்னப்போ இடம் இல்லாம அடையாறு மேலேயே பாலம் கட்டி நீட்டினாங்க. ஆமாம், ஓடுபாதைக்குக் கீழ ஆறு ஓடுது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணி திறக்க, அடையாறு கரை மீறி வந்தது. விமானங்கள் தண்ணியில நின்ன படம் உலகம் பூரா போச்சு. டிசம்பர் 6 வரைக்கும் நிலையம் மூடியே கிடந்தது. அந்த நாட்கள்ல பயணிகளை ஏத்திக்கிட்டுப் போக உதவினது எது தெரியுமா? நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன ஐ.என்.எஸ். ராஜாளி. போர் காலத்து ஓடுபாதை இருந்த அதே அரக்கோணம்.

ஆக, சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் தேவைங்கிறது கட்டுக்கதை இல்லை. 2023 ஏப்ரலில் புது ஒருங்கிணைந்த முனையம் திறந்தாங்க. விரிவாக்கம் எல்லாம் முடிஞ்சாலும் ஆண்டுக்கு 3.5 கோடி பயணிகளைத்தான் தாங்கும்னு கணக்கு. கட்டடத்தைப் பெருசாக்கலாம், ஓடுபாதையைப் பெருக்க முடியாது.

பக்கத்து ஊர்கள் முந்திக்கொண்ட கதை

இதே சிக்கல் பக்கத்து மாநிலங்களுக்கும் வந்தது. அவங்க எப்பவோ முடிவெடுத்துட்டாங்க.

முதல்ல கொச்சி. அங்க இருந்தது கடற்படையோட விமான நிலையம், ஓடுபாதை போதலை. வெளிநாட்டில் வேலை பார்க்கிற மலையாளிகள் உட்பட ஆயிரக்கணக்கானவங்ககிட்ட பங்கு திரட்டி, நெடும்பாசேரியில் சுமார் 1,300 ஏக்கரில் கட்டினாங்க. 1999-ல் திறந்தது. இந்தியாவுல அரசும் தனியாரும் சேர்ந்து கட்டின முதல் விமான நிலையம் அதுதான். அடுத்து ஹைதராபாத்: 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத்தில் சுமார் 5,500 ஏக்கரில். ரெண்டே மாசத்துல பெங்களூரு: 2008 மே மாதம் தேவனஹள்ளியில் சுமார் 4,000 ஏக்கரில்.

பெங்களூருல வேலை பார்க்கிற நம்ம பக்கத்துப் பசங்களுக்கு தேவனஹள்ளி நல்லாத் தெரியும். அந்த ஒப்பந்தத்துல ஒரு நிபந்தனை உண்டு: 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ள 25 வருஷத்துக்குப் புது சர்வதேச விமான நிலையம் வரக்கூடாது. 2024-ல் தமிழ்நாடு அரசு ஓசூருக்கு விமான நிலையம் அறிவிச்சப்போ, 2033 வரைக்கும் நீளுற அந்த நிபந்தனைதான் முதல் தடையா வந்து நின்னுது.

சென்னை இந்தப் போட்டியில என்ன ஆச்சு? ஒரு காலத்துல மும்பை, டெல்லிக்கு அடுத்த இடம் சென்னைக்குத்தான். 2023-24 கணக்குப்படி பெங்களூரு சுமார் 3.75 கோடி பயணிகள், ஹைதராபாத் 2.5 கோடி, சென்னை 2.1 கோடி. ஐந்தாவது இடம். 2007 வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புது விமான நிலையம்னு பேச்சு வந்தது. அது நடக்கலை. அந்த இடைவெளியில ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை எல்லாம் கார், செல்போன் தொழிற்சாலைகளால நிரம்பிடுச்சு. தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருஷமும் விமான நிலையத்துக்கான இடம் மேற்கே தள்ளிப்போச்சு.

ஃபில்டர் போட்டுத் தேடின மாதிரி

புது விமான நிலையத்துக்கு இடம் பார்க்கிறதை, சாஃப்ட்வேர் ஆளுங்க பாஷையில சொன்னா, ஒரு பெரிய டேபிள்ல வரிசையா ஃபில்டர் போடுறதுன்னு சொல்லலாம்.

முதல் ஃபில்டர் தட்டையான நிலம். பெரிய விமானம் இறங்குற ஓடுபாதையோட மொத்தச் சரிவு நூத்துக்கு ஒண்ணைத் தாண்டக்கூடாதுன்னு சர்வதேச விதி. ரெண்டாவது ஃபில்டர் மலை. நிலையத்தைச் சுத்தி 4 கிலோமீட்டருக்கு, 45 மீட்டருக்கு மேல எதுவும் நிக்காம இருக்கிறது நல்லது. நம்ம மலைக்கோட்டைப் பாறை ஒண்ணே போதும், திண்டுக்கல் ஊருக்குள்ள இந்த விதி அடிபட. மூணாவது, அகலம். ரெண்டு ஓடுபாதையிலயும் ஒரே நேரத்துல தனித்தனியா விமானம் இறங்கணும்னா, ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது 1,035 மீட்டர் இடைவெளி வேணும். சென்னையில இல்லாதது இதுதான். நாலாவது, பக்கத்துல வேற வான்வெளி இருக்கக்கூடாது. அஞ்சாவது, வீடுகள் குறைவா இருக்கணும்.

தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ நாலு இடத்தைப் பட்டியல் போட்டது: படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர். கல்பாக்கம் அணுமின் நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம் இதெல்லாம் பக்கத்துல இருந்ததால முதல் ரெண்டும் கழிஞ்சது. பன்னூர்ல இடிபடக்கூடிய வீடுகள் அதிகம். மிச்சம் பரந்தூர். காஞ்சிபுரம் மாவட்டம், சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் பக்கம். 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துல ரெண்டு இணை ஓடுபாதை, ஆண்டுக்கு 10 கோடி பயணிகள்னு இலக்கு. பூந்தமல்லியிலிருந்து சுமார் 53 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்பு. ஆரம்பத்துல 20,000 கோடின்னு சொன்ன செலவு, பிறகு 32,000 கோடியைத் தாண்டியது.

ஃபில்டர் எல்லாம் சரியாத்தான் வேலை செஞ்சது. ஆனா ஃபில்டர் போடுற ஆளுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் உண்டு: டேபிள்ல இல்லாத விஷயத்தை எந்த ஃபில்டராலயும் பிடிக்க முடியாது.

அந்த நிலம் ஏன் தட்டையா இருக்கு?

காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்துக்கு ஏரிகள் மாவட்டம்னே பேர். நம்ம பக்கம் குளம், கண்மாய்னு சொல்றதை அங்க ஏரின்னு சொல்வாங்க. நாம மறுகால்னு சொல்றது அங்க கலங்கல், நம்ம மடை அங்க மதகு. பேர்தான் வேற, வேலை ஒண்ணுதான். லேசான சரிவுல மூணு பக்கம் கரை போட்டுத் தண்ணியைத் தேக்குவாங்க. ஒரு ஏரி நிரம்பினா கலங்கல் வழியா அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினா அதுக்கு அடுத்தது. சங்கிலி மாதிரி.

இந்த அமைப்புக்குத் தேவையான நிலம் எது? செங்குத்தா இருந்தா கரை நிக்காது. முழுக்கச் சமமா இருந்தா தண்ணி ஓடாது. ரொம்ப லேசான, சீரான சரிவு வேணும். கொஞ்சம் முன்னாடி ஓடுபாதைக்குச் சொன்ன நூத்துக்கு ஒண்ணுக்குள்ள அடங்குற சரிவு இருக்கே, அதுவும் இந்த மாதிரி நிலம்தான். பல்லவர் காலத்துல ஏரி வெட்டினவங்க தேடின நிலமும், இன்னிக்கு ஓடுபாதைக்காரங்க தேடுற நிலமும் ஒண்ணா இருக்கிறதுல ஆச்சரியமே இல்லை. பரந்தூர்ல நடக்கிற மோதல் யாரோ தப்பா விரல் வச்சதால வந்த விபத்து இல்லைன்னு நான் நினைக்கிறேன். சென்னையைச் சுத்தி எங்க தட்டையா, பெருசா, வீடு குறைவா நிலம் தேடினாலும் கடைசியில ஒரு ஏரிக்கரையிலதான் போய் நிப்போம்.

அங்க வீடு குறைவா இருக்கிறதுக்கும் ஏரிதான் காரணம். ஏரிக்குக் கீழ இருக்கிறது நஞ்சை. நஞ்சையில யாரும் வீடு கட்ட மாட்டாங்க, மேட்டுல ஒண்ணா நெருங்கிக் குடியிருப்பாங்க. செயற்கைக்கோள் படத்துல 'காலி'யாத் தெரியுற பச்சை, காலி கிடையாது. அது ஒரு ஊரோட வேலை செய்யுற இடம்.

அந்தப் பக்கம் இந்த நிர்வாகம் எவ்வளவு பழசுன்னு பார்க்கணும்னா அதே மாவட்டத்துல இருக்கிற உத்திரமேரூருக்குப் போகலாம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. குடவோலை முறைக்காக நாம பள்ளிக்கூடத்துல படிச்சது. அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுத்த குழுக்கள்ல ஒண்ணு ஏரி வாரியம். ஏரியைப் பராமரிக்கிறதுக்குன்னே தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, 1,100 வருஷத்துக்கு முன்னாடி.

இப்போ பரந்தூர் திட்ட இடத்துக்குள்ள வருவோம். திட்டப் பரப்புல சுமார் கால் பங்கு நீர்நிலைகள்னு திட்ட ஆவணங்கள்லயே வருது. நெல்வாய் ஏரி உள்ளே இருக்கு. கம்பன் கால்வாய் அந்த வழியாத்தான் போகுது. அது பாலாற்றுத் தண்ணியை வழியில இருக்கிற ஏரிகளுக்கெல்லாம் கொடுத்துக்கிட்டே ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினா உபரி செம்பரம்பாக்கத்துக்கு. செம்பரம்பாக்கம் நிரம்பினா அடையாறுக்கு. அடையாறு எங்க போகுது? மீனம்பாக்கம் ஓடுபாதைக்குக் கீழ.

இதைக் கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. பழைய விமான நிலையத்தை 2015-ல் முக்கின தண்ணிப் பாதையோட தலைமாட்டுலதான் புது விமான நிலையம் வரப்போகுது. மேலே தண்ணியைத் தேக்கிவைக்கிற ஏரிகளைக் குறைச்சா, மழைத்தண்ணி வேகமா கீழே இறங்கும். இது கொள்கைச் சண்டை இல்லை, தண்ணிக் கணக்கு. அரசும் இதை உணர்ந்துதான் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி மச்சேந்திரநாதன் தலைமையில் ஒரு நிபுணர் குழு போட்டது. கால்வாயைத் திருப்பலாம், ஏரிகளை ஆழப்படுத்தலாம்ங்கிறது பொறியியல் வாதம். முடியாததுன்னு சொல்ல மாட்டேன். நவி மும்பையில உல்வே ஆற்றையே திருப்பி, மலையைக் கரைச்சு, பத்துக் கிராமத்தை இடம் மாத்தித்தான் 2025 அக்டோபரில் விமான நிலையத்தைத் திறந்தாங்க.

ஆனா கொச்சியையும் பார்க்கணும். நெடும்பாசேரி வயல்கள் மேல, பெரியாறுக்குப் பக்கத்துல, செங்கல்தோடுன்னு ஒரு ஓடையை ஒட்டிக் கட்டினது. முழுக்க சூரிய மின்சாரத்துல ஓடுற உலகத்தோட முதல் விமான நிலையம்னு 2015-ல் பேர் வாங்கினது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல ரெண்டு வாரம் மூடிக் கிடந்தது. அப்போ பயணிகள் விமானம் எங்க இறங்கினது? எந்த இடம் போதலைன்னு விட்டுட்டு வந்தாங்களோ, அதே பழைய கடற்படை ஓடுபாதையில. சென்னைக்கு அரக்கோணம் மாதிரி.

ஏகனாபுரமும் சட்டமும்

இனி மனுஷங்க பக்கம். 2023 அக்டோபர் அரசாணைப்படி மொத்தம் 5,746 ஏக்கர், 20 கிராமங்கள். அதுல பட்டா நிலம் 3,774 ஏக்கர். சுமார் ஆயிரம் வீடுகள். பல ஊர்கள்ல நிலம் மட்டும் போகும். ஏகனாபுரத்துல ஊரே போகும். அதனாலதான் போராட்டத்தோட மையம் ஏகனாபுரம் ஆச்சு. அறிவிப்பு வந்த நாள்லயிருந்து பகல்ல வேலையை முடிச்சுட்டு ராத்திரி கூடுறாங்க. கிராம சபையில எதிர்த்து ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா தீர்மானம். 2024 மக்களவைத் தேர்தலை ஊரே புறக்கணிச்சது, ஒரு சில வாக்குகள்தான் விழுந்தது. 2025-ல் போராட்டம் ஆயிரம் நாளைத் தாண்டியது. அந்த வருஷம் ஜனவரியில நடிகர் விஜய் வந்து போனப்போதான் தமிழ்நாட்டுல பல பேர் பரந்தூரை வரைபடத்துல தேடினாங்க.

அரசு தரப்புல சந்தை மதிப்பைப் போல மூணரை மடங்கு இழப்பீடு, வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலைன்னு 2022-லயே சொன்னாங்க. 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. ஜூலையில முதல் நிலப் பதிவுகள் நடந்தன. கொடுக்க முன்வந்தவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லணும்.

இதுல அதிகம் பேசப்படாத விஷயம் எந்தச் சட்டத்துல நிலம் எடுக்கிறாங்கங்கிறது. 2013-ல் நாடாளுமன்றம் புது நிலம் கையகப்படுத்தல் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம். அரசும் தனியாரும் சேர்ந்த திட்டம்னா நிலம் இழக்கிறவங்கள்ல 70 சதவீதம் பேர் சம்மதிக்கணும். ஆனா பரந்தூருக்கு நிலம் எடுக்கிறது தமிழ்நாட்டோட 1997 தொழில் நோக்கங்களுக்கான சட்டத்துல. அதுல இந்தச் சம்மதக் கேள்வி கிடையாது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மாநிலச் சட்டங்கள் செல்லாதுன்னு சொன்னது. அதே வருஷம் சட்டமன்றம் அதுக்கு மறுபடி உயிர் கொடுத்து ஒரு சட்டம் போட்டது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. பிறகு 2023 ஏப்ரலில் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டத்துக்குள்ள ஏரி, ஓடை இருந்தா அந்த நிலத்தையும் எப்படிச் சேர்த்துக் கொடுக்கலாம்னு வழி சொல்ற சட்டம் அது.

சட்டப்படி எல்லாம் சரிதான். ஆனா உத்திரமேரூர்ல ஏரிக்கு வாரியம் வச்சு ஊரைக் கேட்ட அதே மாவட்டத்துல, ஏரியை மூடுற முடிவுக்கு ஊரோட சம்மதம் கேட்க வேண்டியதில்லைன்னு ஆகிப்போச்சு. கொச்சியிலயும் நிலம் இழந்தவங்க முதல்ல கடுமையா எதிர்த்தாங்க. மாற்று மனை, விமான நிலையத்துலயே டாக்சி ஓட்டுற உரிமை, வேலைன்னு அவங்களை உள்ளே இழுத்த பிறகுதான் அது நகர்ந்தது. பேசி முடிக்கிறதுக்கு நேரம் ஆகும். சென்னை அந்த நேரத்தை முன்னாடியே செலவழிச்சுட்டு, இப்போ அவசரம்னு சொல்லுது. அந்த அவசரத்துக்கான விலையை ஏகனாபுரம் கொடுக்க வேண்டியிருக்கு.

நம்ம மதுரை

இனி நம்ம பக்கம். மதுரை ஓடுபாதை 7,500 அடி. 2010-ல் புது முனையம், 2012 செப்டம்பரில் முதல் வெளிநாட்டு விமானம் கொழும்புக்கு, பிறகு துபாய். 24 மணி நேரமும் இயங்க ஆரம்பிச்சது 2024 அக்டோபர் 1-ஆம் தேதிதான். அதுக்கு முன்னாடி ராத்திரி வரணும்னா திருச்சிதான் கதி. பெரிய விமானம் இறங்க ஓடுபாதையை 12,500 அடியா நீட்டணும்னு திட்டம். வழியில சுற்றுச்சாலை குறுக்கே வருது. சாலையை ஓடுபாதைக்குக் கீழ சுரங்கமா கொண்டு போகலாம்னு யோசனை. நிலம் எடுக்கிற வேலை 15 வருஷமா இழுத்துக்கிட்டே இருக்கு.

2024 நவம்பரில் சின்ன உடைப்பு கிராமத்துல வீடுகளைக் காலி செய்யச் சொன்னப்போ மக்கள் திரண்டு போராடினாங்க. மாற்று இடம் கொடுத்துட்டு எடுங்கன்னுதான் கேட்டாங்க. விஷயம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போச்சு. சுத்தி இருக்கிற பேர்களைப் பாருங்க: வலையன்குளம், குசவன்குண்டு, ராமன்குளம், பெருங்குடி. பாதிப் பேர்ல தண்ணி இருக்கு. உடைப்புன்னாலே கரை உடையுறதைச் சொல்ற சொல். ஓடுபாதை நீளுற பக்கம் என்ன நிலம்னு ஊர்ப் பேரே சொல்லுது.

மதுரை விமான நிலையம் பெருசானா அதிகம் பயன் அடையுறது நாமதான். கொடைக்கானலுக்கும் பழனிக்கும் வர்றவங்க, நிலக்கோட்டைப் பூ, ஒட்டன்சத்திரம் காய்கறி, வளைகுடாவுல வேலை பார்க்கிற நம்ம ஆளுங்க. அதனால 'வேண்டாம்'னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா குடகனாற்றுத் தண்ணி ராஜவாய்க்கால்ல எவ்வளவு போகணும்னு நம்ம மாவட்டத்துல நடந்த சண்டை மறந்திருக்காது. ஒரு வாய்க்கால்ல ஒரு சுவர் எழுந்ததுக்கே கீழ இருக்கிற ஊரெல்லாம் ரோட்டுக்கு வந்தது. ஆயிரக்கணக்கான ஏக்கர்ல தண்ணியோட வழியை மாத்துறதுன்னா என்னன்னு வேற யாருக்குப் புரியலைன்னாலும் நமக்குப் புரியணும்.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கிறது இதுதான். 'விமான நிலையமா, விவசாயமா'ங்கிறது சண்டை போடச் சுலபமான கேள்வி. கேட்க வேண்டிய கேள்விகள் வேற. மேலே இருக்கிற ஏரி போனா அந்தத் தண்ணி எங்க போகும்? கீழே இருக்கிற ஊர்கிட்ட யார் சொன்னாங்க? சம்மதம் கேட்கிற சட்டம் இருக்கும்போது கேட்காத சட்டத்தை ஏன் எடுத்தாங்க? வீட்டை இடிக்கிறதுக்கு முன்னாடி மாற்று வீடு நிக்குதா? இதுக்குப் பதில் எழுத்துல இருந்தா எந்த விமான நிலையத்தையும் நம்பிப் பேசலாம். மதுரையில இன்னும் நேரம் இருக்கு. அடுத்த தடவை விரிவாக்கம்னு செய்தி வந்தா எத்தனை அடி, எத்தனை கோடிங்கிறதோட நிறுத்தாம, அந்த வரைபடத்துல கண்மாய்களைக் குறிச்சிருக்காங்களான்னும் பாருங்க.

இந்த எபிசோட் பத்தி உங்களுக்குத் தோணுறதை எழுதுங்க. பரந்தூர் பக்கத்துல இருந்தோ, சின்ன உடைப்பு பக்கத்துல இருந்தோ கேட்கிறவங்க இருந்தா கண்டிப்பா எழுதுங்க. உங்க ஊர் ஏரியோட, கண்மாயோட பேரையும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.